சட்டவேலிக்கு மேலே நின்ற கால்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெரிய வருத்தம் ஒன்று வந்து எழும்பிய ஒருத்தி வீதிக்கு இறங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாண் வாங்கப் போனால் பேக்கரியில் கேட்பார்கள். பூசை முடிந்து வந்தால் கோயில் வாசலில் கேட்பார்கள். "நல்லா ஓடித் திரிஞ்ச பிள்ளை, உமக்கு என்ன நடந்தது?" நான் சொல்லத் தொடங்கி இரண்டு வசனம் போவதற்குள் தங்கள் மச்சாளின் முழங்கால் வலிக்குத் தாவிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. வருத்தத்தின் பெயரும் கொடுத்த மருந்தும் டொக்டர்மாருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் இருந்த சந்திரா அக்கா பார்த்தது அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இப்போதும் சிரிப்பு வரவில்லை.

முதலில் என் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெட்போல் ஆடினேன், நீளம் பாய்ந்தேன், உயரம் பாய்ந்தேன், ஆள் குறைந்த நாளில் குண்டும் போட்டேன். வரிசையாக வைத்த வேலிகளைத் தாண்டி ஓடும் சட்டவேலி ஓட்டத்துக்கு வந்தது தற்செயல். ஓட வேண்டியவள் காலைச் சுளுக்கிக்கொண்டாள். பொறுப்பாக இருந்த சிஸ்டர் கண்ணில் பட்ட என்னைப் பிடித்து ஓடுபாதையில் நிறுத்தினார். பயத்தில் எல்லாரையும் முந்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் காலையில் நூறு மீற்றர் சட்டவேலி, பின்னேரம் நானூறு மீற்றர் சட்டவேலி, இடையில் நீளம் பாய்தல் என்று ஒரே நாளில் ஓடித் திரிந்தேன். கடைசி வருடம் ஏழு நிகழ்ச்சிகளும் சேர்ந்த போட்டியிலும் இறங்கினேன். "ஒண்டையாவது ஒழுங்காச் செய் அக்கா, சந்தைக்கடை மாதிரி எல்லாத்தையும் விரிச்சு வைக்காத" என்பாள் என் தங்கை ஷெரின்.

படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் விளையாட்டுக் கழகம் மாதச் சம்பளத்துக்கு என்னை எடுத்தது. அம்மா நம்பவில்லை. "ஓடுறதுக்குமா சம்பளம்? பிறகு திருப்பிக் கேக்க மாட்டாங்களே?" என்று பல நாள் கேட்டார். இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய் ஓடினேன். தொழில்முறை வீராங்கனை என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். அந்தப் பெரிய சொல்லுக்கு நான் கண்ட பொருள், கால் நொந்தாலும் லீவு இல்லை என்பதுதான்.

சட்டவேலியைத் தாண்டும்போது ஒரு கால் நேராக முன்னுக்குப் போகும். மற்றது முழங்காலில் மடிந்து பக்கவாட்டில் வரும். எனக்கு முன்னுக்குப் போவது இடது. ஓடுகிறவள் தன் காலைப் பார்க்கவே கூடாது. கண் அடுத்த வேலியில் இருக்க வேண்டும், கால் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே தெரிய வேண்டும். இது எங்கள் ஆட்களுக்குப் பழகிப் பழகி எலும்பில் ஊறிய விஷயம். அதுவே எனக்கு வினையானது.

ஒரு நாள் வேலி உயரத் தொடங்கியது. நானூறு மீற்றருக்குரிய வேலி நூறு மீற்றருக்குரியதைவிடப் பதிவு, உயரம் குறைவு. பயிற்சியில் என் இடது கால் விரல் சட்டத்தில் இடித்தது. யாரோ நூறுக்குரிய உயரத்தில் வைத்துவிட்டார்கள் என்று மைதானத்தில் சாமான் எடுத்து வைக்கிறவருடன் சண்டைக்குப் போனேன். கோச் அளவு நாடாவைக் கொண்டுவந்து அளந்தார். சரியான உயரம். மறுநாள் மறுபடி இடித்தது, இரண்டு வேலிகள் அடுத்தடுத்து விழுந்தன. அளவு நாடாவே பிழையென்று வேறொரு நாடா கேட்டேன். என் காலில் பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலி ஓடுகிறவளுக்கு வேலிதான் கூடும் குறையும், கால் எப்போதும் சரி.

மூன்றாம் நாளும் விழுந்தேன். எழுந்து கத்துவதற்கு முன் கோச்சின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "இண்டைக்கு நான் உயரத்தைக் குறைச்சுத்தான் வைச்சனான். சின்னப் பிள்ளையள் ஓடுற உயரம். வீட்டுக்குப் போ. போய் டொக்டரிட்டக் காட்டு."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகாமல், கோச்சைத் திட்டித் தீர்ப்பதற்காக வெள்ளவத்தையில் இருந்த ஷெரின் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். காலி வீதி என்று பெயருள்ள அந்தப் பெருந்தெருவில் இறங்கி, நல்ல மத்தியான வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் ஒரு துணிக்கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணர், கையில் ஒற்றைச் செருப்புடன் ஓடி வருகிறார்.

"ரெண்டு கடைக்கு முன்னாலயே கழண்டு விழுந்துட்டு. நீங்க பாட்டுக்குப் போறீங்க."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இடது கால் வெறுங்காலாக நடைபாதைக் கல்லில் நின்றது. கல் கொதித்துக்கொண்டிருந்தது என்பது வலது காலில் செருப்புக்கு மேலேயே தெரிந்தது. இடது பாதத்தில் சூடும் இல்லை, கல்லும் இல்லை. நான் அதைப் பார்த்தேன், யாருடையதோ ஒரு காலை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. நானாவுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

அடுத்த நாள் காலை ஷெரின் வீட்டில் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. ஷெரினும் அவள் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து த்ரீவீலில் ஏற்றினார்கள். "ஓட்டக்காரியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கு" என்று ஷெரின் சொன்னாள். 

அரசாங்க ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் உட்காரும் வாங்குகள் நிறைய ஆட்கள். எனக்குச் சக்கர நாற்காலி தந்தார்கள். நரம்பு வைத்திய நிபுணர் ஒரு தமிழ்ப் பெண், யாழ்ப்பாணப் பேச்சு, என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. சின்ன றப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். சாதாரணமாகக் கால் துள்ளும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்ப்பார்கள். என் கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். என்னை நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போய் ஓடிய கால் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"போன கிழமைகளில வயித்தோட்டம், காய்ச்சல் ஏதும் இருந்ததோ?" என்று கேட்டார்.

இருந்தது. பயிற்சி முடிந்து எல்லாரும் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம், எல்லாருக்கும் வயிறு குழம்பியது, எல்லாருக்கும் மாறிவிட்டது. எனக்கும் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் விளக்கினார். வயிற்றுக் கிருமியுடன் சண்டை போட உடம்பு ஒரு படையைத் தயார் செய்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அந்தப் படை, கிருமி செத்த பிறகும் ஓயாமல், நரம்புகளின் மேலுறையைக் கிருமி என்று நினைத்துக் கடிக்கத் தொடங்கும். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை எலி அரித்தால் கரண்ட் ஒழுங்காகப் போகுமா? அதைப்போல மூளை சொல்வது காலுக்குப் போகாது, காலில் படுவது மூளைக்கு வராது. கியான் பரே என்று பெயர், அவர்கள் சுருக்கமாக ஜீபீஎஸ் என்பார்கள். காலில் தொடங்கி மேலே ஏறும். அரைவாசியில் நிற்கலாம், நெஞ்சு வரைக்கும் போகலாம். நெஞ்சுக்குப் போனால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும்.

"கால் திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"முதல் மூச்சைப் பாப்பம்."

"நான் திரும்ப ஓடுவனா?"

"கனபேருக்கு நல்லா வருது. சிலருக்கு முழுசா வராது. இப்ப ஒண்டும் சொல்லேலாது."

எனக்கு அன்று மூச்சைப் பற்றிக் கவலை வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், என் கால்கள். வேறு கால்கள் இல்லை, அவையே வேண்டும்.

முதுகெலும்பின் இடுக்கில் ஊசி போட்டு நரம்பைச் சுற்றியிருக்கும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்தார்கள். சுருண்டு படுக்கச் சொல்வார்கள், அசையக் கூடாது. பிறகு காலில் சின்னச் சின்னக் கரண்ட் அடித்து, செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். "உங்கட நரம்பு சரியான ஸ்லோ மிஸ்" என்று அந்தப் பரிசோதனை செய்த தம்பி சொன்னான். என்னைப் பார்த்து ஸ்லோ என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அது ஏறியது. முழங்கால், தொடை, இடுப்பு. ஒவ்வொரு நாளும் டொக்டர் வந்து ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்வார். எவ்வளவு எண்ண முடிகிறதோ அவ்வளவு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நான் இடையில் களவாக மூச்சு எடுத்து எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தேன். "இது போட்டி இல்லை ஜெனிட்டா" என்றார். ஒரு நாள் களவெடுத்தும் இருபதைத் தாண்ட முடியவில்லை. அன்றே என்னை மேலதிகக் கவனிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் பிளாஸ்மா மாற்று சிகிச்சை தொடங்கினார்கள். கழுத்துக்கருகில் ஒரு குழாய் போட்டு, இரத்தத்தை மெஷினுக்கு எடுத்து, நரம்பைக் கடிக்கிற படை மிதக்கும் மஞ்சள் நீரைப் பிரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி உடம்புக்குள் விடுவார்கள். பையில் சேரும் மஞ்சள் நீர் தம்பிலி என்கிற செவ்விளநீர்த் தோலின் நிறத்தில் இருக்கும். என் இரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதைப் படுத்திருந்து பார்ப்பேன். போனதெல்லாம் திரும்பி வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அம்மா ஒவ்வொரு மத்தியானமும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி பிளாஸ்கில் சூப் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார். இதெல்லாம் பத்திரிகைப் படத்தால் வந்த கண்ணூறு என்பது அவருடைய தீர்மானம். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுத்து எல்லா நேர்ஸ்மாருக்கும் காட்டுவார். என் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் பூசுவார். பூசுவது எனக்குக் கண்ணில்தான் தெரியும்.

எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பிரிவு அமைதியாகி, ஜன்னல் வெயில் தரையில் கிடந்தது. யாரோ ஒரு கட்டிலின் பக்கக் கம்பியை டப் என்று இறக்கினார்கள். வேலி விழும் சத்தம் அது. அந்தக் கணத்தில் என் கால்கள் இரண்டும் மேலே இருப்பதை உணர்ந்தேன். இடது நேராக முன்னுக்கு நீண்டிருந்தது. வலது மடிந்து, முழங்கால் வெளிப்பக்கமாக விரிந்து, குதிக்கால் பின்னால் இருந்தது. வேலிக்கு மேலே இருக்கும் நிலை. ஓடும்போது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் நிலை அது. அது முடியவில்லை. அரை மணித்தியாலம் கழித்தும் அப்படியே நின்றேன். இறங்கவில்லை.

கழுத்தைத் தூக்கிப் பார்த்தேன். போர்வைக்குக் கீழே இரண்டு கால்களும் நேராக, அருகருகே, சாதுவாகக் கிடந்தன.

டொக்டரிடம் சொன்னேன். அவருக்கு அது புதிதல்ல. காலிலிருந்து செய்தி வராதபோது மூளை சும்மா இராது, தனக்குப் பழகிய ஒரு நிலையைத் தானே போட்டுக்கொள்ளும் என்றார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. விளக்கத்தைக் கேட்ட பிறகும் கால்கள் மேலேதான் நின்றன. இடுப்பு உளைந்தது. ஒரு கட்டத்தில் நான் நேர்ஸ்மாரைக் கூப்பிட்டு, மிஸ், என் காலைக் கீழே வைத்துவிடுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சத் தொடங்கினேன். அவர்கள் போர்வையை விலக்கிக் காட்டுவார்கள். இதோ கீழேதானே இருக்கிறது என்பார்கள்.

ஷெரின் மட்டும் வாதாடவில்லை. வேலை முடிந்து நேரே வருவாள். பையை வைத்துவிட்டு, "எந்தக் கால் முதல்?" என்று கேட்பாள். கீழே கிடக்கும் காலை இரண்டு கையாலும் தூக்கி, நான் சொல்கிற உயரத்துக்குக் கொண்டுபோய், பிறகு மெல்லக் கீழே வைப்பாள். தூக்கும்போது ஒரு இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற காலும் நான் உணர்கிற காலும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். அந்த ஒரு கணம் பெரிய நிம்மதி, அழுகை வரும். பிறகு அவள் இறக்குவாள். ஒரு கால் அவளுடைய கையோடு கீழே போகும். மற்றது மேலேயே நின்றுவிடும்.

"இப்ப சரியா அக்கா?"

"ஓம், இப்ப சரி" என்பேன். அவள் களைத்திருப்பாள்.

மூச்சு தேறியதும் என்னைத் திரும்பச் சாதாரண வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்க் கட்டிலில் சந்திரா அக்கா இருந்தார். இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சுப்பவைசர், ஐம்பது வயது இருக்கும், அதட்டிப் பழகிய குரல். நரம்பு சொல்வதைத் தசை ஒழுங்காக வாங்கிக்கொள்ளாத ஒரு நோய் அவருக்கு. காலையில் நன்றாக இருப்பார். நேரம் போகப் போகக் கண் இமை தொங்கும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அதனால் மத்தியானத்துக்கு மேல் ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து மூடிவிடுவார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஒன்றுதான் தெரியும். நாங்கள் சிங்களத்தில்தான் கதைத்தோம், அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், தங்கச்சி என்பதற்கு அவர் சொல்லும் நங்கி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு மத்தியானம் நேர்ஸ் அவருடைய பஞ்சை மாற்றுவதற்காக எடுத்திருந்தார். அவர் என் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நங்கி, ஏன் காலை அப்பிடி வைச்சிருக்கிறாய்? நோகாதா?"

"எப்பிடி?"

"மேல."

"உங்களுக்கு எல்லாம் ரெண்டாத்தானே தெரியும் அக்கா" என்றேன்.

"ஓம், இந்த மிஸ்ஸும் ரெண்டுதான், அந்தச் சேலைன் போத்தலும் ரெண்டுதான். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். உன்ர கால் அப்பிடி இல்லை. ஒரு சோடி படுத்திருக்கு. மற்றச் சோடி மேல நிக்குது. ஒண்டு நேர முன்னுக்கு. மற்றது மடிஞ்சு வெளியால, தவளை மாதிரி."

நேர்ஸ் சிரித்தபடி பஞ்சை ஒட்டினார். சந்திரா அக்கா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் ஷெரினிடம் சொன்னேன். அவள் நிதானமாக யோசித்தாள். "நீ வாட் முழுக்கக் கேக்கக் காலை இறக்கு, காலை இறக்கு எண்டு கத்தினா ஆருக்கும் தெரியும்தானே. அம்மா வேற படத்தைக் காட்டித் திரியிறா." இருக்கலாம். ஆனால் வாட்டுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை, கேட்டுப் பலனில்லை என்று விட்டுவிட்டேன். அம்மா காட்டிய படத்தில் நான் மேடையில் நின்று கேடயம் வாங்குகிறேன். சந்திரா அக்கா சட்டவேலி ஓட்டத்தை டீவீயில்கூடப் பார்த்ததில்லை. அது என்ன என்று நான்தான் பிறகு விளங்கப்படுத்தினேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. மத்தியானம் வாட் அடங்கியதும் நான் அவரைப் பார்ப்பேன். அவர் பஞ்சைக் கொஞ்சம் தூக்கி என் கட்டிலைப் பார்ப்பார். "அப்பிடியேதான்" என்பார். பிறகு பஞ்சை ஒட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பார். சுகம் விசாரிக்கிற மாதிரி அது எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. சாதாரணமாக இருந்ததுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

வலது காலின் பெருவிரல் முதலில் அசைந்தது. பிசியோதெரபி மிஸ்தான் கண்டார். அம்மா அந்த விரலை முத்தமிட்டு அழுதார். வாட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நான் படுத்திருந்து அந்த விரலைப் பார்த்தேன். அசைகிறது, சந்தேகமில்லை. ஆனால் நான் உணர்கிற கால் இன்னும் மேலேதான் நின்றது, அதன் விரல் அசையவில்லை. அப்படியென்றால் கீழே அசைவது யாருடைய கால்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. சந்தோஷப்படுகிற வீட்டாரிடம் இதைக் கேட்க முடியாது. எனக்கு வேண்டியது கட்டிலில் கிடப்பது நடப்பதல்ல, மேலே நிற்பது இறங்கி அதற்குள் வருவது. அது வராமல் இது எழுந்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து வியர்த்தது.

அதே நாட்களில் சந்திரா அக்காவுக்குப் புது மருந்து பிடித்துக்கொண்டது. இமை தொங்குவது குறைந்தது. பின்னேரத்திலும் ஒன்றுதான் தெரிந்தது. "இண்டைக்கு ஒரு சோடிதான் நங்கி, படுத்திருக்கிறது மட்டும்" என்றார். அவருக்கு நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் நல்லது அக்கா என்று சொல்லிவிட்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நங்கி, இங்க பார்" என்றார்.

டொக்டர் அவரைச் சோதிக்கும்போது கண்ணை மேலே உயர்த்தி இமைக்காமல் பார்க்கச் சொல்வார். தசை களைத்ததும் இமை விழும், காட்சி இரண்டாகும். சந்திரா அக்கா இப்போது யாரும் சொல்லாமலே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை அசைக்காமல் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. இமைகள் நடுங்கி, மெல்லக் கீழே இறங்கின. அப்படியே கண்ணைத் தாழ்த்தி என் கட்டிலைப் பார்த்தார். எனக்காகத் தன் வருத்தத்தைத் தானே வருவித்துக்கொண்ட ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வலது இறங்கிட்டுது" என்றார்.

அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்தது. வலது குதிக்கால் மெத்தையில் பட்டது. சூடான, கொஞ்சம் சுருங்கிய விரிப்பு. என் கால், என் குதிக்கால். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

"இடது அக்கா?"

அவர் தலையைச் சரித்துப் பார்த்தார், கையால் ஒரு இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"இடதைக் காணேல்லை."

"மேலயும் இல்லையா?"

"மேலயும் இல்லை. கீழ ஒண்டுதான் கிடக்கு, அது எல்லாருக்கும் தெரியிற கால். மற்றது போயிட்டுது." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதட்டுகிற குரலைத் தணித்து, "முன்னுக்குப் போற கால்தானே. முன்னாலயே போயிருக்கும்" என்றார்.

மறுநாள் மகன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது என் இடது பாதத்தை ஒருமுறை தொட்டார். நான் உணரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்ல செய்திகள்தான். இடது காலும் அசையத் தொடங்கியது. சமாந்தரக் கம்பிகளைப் பிடித்து நின்றேன், பிறகு நடைச்சட்டத்துடன் நடந்தேன். கணுக்கால் தொங்காமலிருக்க இடதுக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டார்கள். டொக்டர் சுத்தியலால் தட்டினார். இடது கால் துள்ளியது, எல்லாரும் கை தட்டினார்கள். கோச் வந்து, கழகம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பதை மிகவும் சுற்றி வளைத்துச் சொன்னார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. எங்கள் தொடர்மாடிக் குடியிருப்புப் பொடியன்கள் என்னை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

இடது கால் வேலை செய்கிறது. சூடு தெரிகிறது, கல் தெரிகிறது. சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது, வலது வந்த மாதிரி அது வரவில்லை. நான் சொல்வதை அது கேட்கிறது, வேலைக்கு வந்த புது ஆள் கேட்கிற மாதிரி, கொஞ்சம் மரியாதையாக, கொஞ்சம் பிந்தி.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நான் அறைக்குள் படுத்தேன். அம்மா கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு நித்திரை வரவில்லை. தனியாகப் படி இறங்கி ஏறிப் பார்க்க வேண்டும் என்று பல நாளாக ஆசை. அம்மாவிடம் சொன்னால் விடமாட்டார். அறைக் கதவை மறுபடி சாத்திவிட்டு, தாங்கியைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே வரைக்கும் இறங்கிவிட்டேன். யாரையும் காணவில்லை. ஒரு நிமிடம் வெயிலில் நின்றேன். சரியான சந்தோஷம். கேடயம் வாங்கியபோதும் அப்படி இருந்ததில்லை.

பிறகு ஏறத் தொடங்கினேன். எங்கள் சமையல் குசினி ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் திறந்திருக்கும். யார் ஏறி வந்தாலும் அம்மாவுக்கு ஆள் தெரியும். சத்தத்தை வைத்தே, "ஷெரின் வாறா, தேத்தண்ணியை வை" என்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த காலத்திலிருந்து, இரண்டாம் மாடியில் நான் வரும்போதே உள்ளே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடுகிற சத்தம் கேட்கும். முன்பின் தெரியாத காலடியென்றால் சிங்களத்தில் கேட்பார். தண்ணீர் பில் கொண்டு வருகிறவர்கள், பார்சல் கொண்டு வருகிறவர்கள் எல்லாரிடமும் அப்படித்தான்.

கடைசி வளைவில் நின்று மூச்சு வாங்கினேன். அம்மா குளித்து முடித்திருக்க வேண்டும், உள்ளே அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அம்மா காது கொடுத்துக் கேட்பது எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த படியில் கால் வைத்தேன், பிறகு அதற்கடுத்ததில்.

"கவுத?" என்றார் அம்மா. யாரது என்று கேட்டார், சிங்களத்தில்.

நான் நின்றுவிட்டேன். நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். குரலைத் தாழ்த்தி, அந்நியருக்குச் சொல்கிற மரியாதையோடு சொன்னார்.

"சத்த கரன்ன எபா. துவ நிதி."

சத்தம் போட வேண்டாம், மகள் நித்திரை என்று அர்த்தம்.

அறைக் கதவு சாத்தியிருந்தது, நான்தான் சாத்திவிட்டு வந்தேன். இருந்தும் அந்தப் படியில் நின்றபோது, அதைத் திறந்து உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். 

"அம்மா, இது நான்" என்றேன்.

உள்ளே அம்மாவின் காலடி, வாசலுக்கு வராமல், என் அறைக் கதவை நோக்கிப் போனது.